ஸ்டேஜ் கணக்கு

வேலந்தாவளத்தில் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.
கிணறு உண்டு, இரண்டு தென்னை உண்டு.
தேங்காய் எங்களுக்கா ஓனருக்கா என்பது மட்டும்
இன்னும் பேசி முடியவில்லை.
செக்போஸ்டிலிருந்து நூறு தப்படி கேரளத்துக்குள்.
மளிகைக்காரர் தமிழில் விலை சொல்லி
மலையாளத்தில் பில் தருகிறார்.

உக்கடம் ஃபிளாட்டில் பதினோராயிரம்.
மெயின்டனன்ஸ் தனி, தண்ணீர் லாரி தனி.
மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது,
நாங்கள் பார்க்கப் போன அன்று ஓடவில்லை.
ஜன்னலைத் திறந்தால்
ஆஸ்பத்திரியின் பச்சைப் பலகை தெரியும்.
"மாசாமாசம் ஆறாயிரத்து ஐந்நூறு,
ஒரு போர்டு பாக்கறதுக்கு"
என்றாள் ஆரோக்கியசெல்வி.

முப்பத்தொரு வருடம் கண்டக்டர் நான்.
தூரம் எனக்கு ஸ்டேஜாகத்தான் வரும்.
வேலந்தாவளம், சாவடி, எட்டிமடை,
மதுக்கரை, குனியமுத்தூர், உக்கடம்.
இவள் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்.
அடுத்த வலி வந்தால்
எந்த ஸ்டேஜ் வரைக்கும் சீட்டுக் கிழிப்பது?

என் காப்பீட்டு அட்டை
எல்லை தாண்டினால் செல்லுமா என்று
டெப்போ ஆபீசில் கேட்டேன்.
"நீங்க தாண்டினாலா, அட்டை தாண்டினாலா?"
என்று திருப்பிக் கேட்டாள் அந்தப் பெண்.
அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள்
என்பது டாக்டர் சொன்னது.
"கண்ண மூடித் தொறந்தா கோயமுத்தூர்"
என்பது ஓனர் சொன்னது.
மூடுவதைப் பற்றித்தான் எங்கள் கவலை.

அதனால் ஒத்திகை பார்த்தோம்.
ஒரு வியாழன், இரவு இரண்டு மணி.
பெபின் என்ற பையனின் கார், டீசல் போக எண்ணூறு.
செல்வி பின்சீட்டில் படுத்துக்கொண்டாள்.
தலைக்கு என் பழைய தோல் பை.
"நெஜமா வலிக்கிற மாதிரி மொனகோணுமா?"
சும்மா வா என்றேன்.
பெபின் சிலுவை போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

இரண்டு ஒன்று, செக்போஸ்ட்.
கோழி லாரி ஒன்று குறுக்கே நின்று
காகிதம் காட்டிக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம்.
கூண்டிலிருந்து ஒரு கோழி
எங்கள் பின்சீட்டையே பார்த்தது.
இரண்டு பதினெட்டு, சாவடி.
எட்டிமடையில் நாய்கள்.
மதுக்கரையில் தோண்டிப் போட்ட ரோடு,
பெபின் ஒரு குழியையும் விட்டுவைக்கவில்லை.
டார்ச்சை வாயில் கவ்வியபடி
நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

குனியமுத்தூரில் திரும்பிப் பார்த்தேன்.
கண் மூடியிருந்தது.
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
செல்வி என்றேன்.
செல்வி.

பேனா எங்கே விழுந்ததென்று தெரியாது.
உக்கடத்தின் நேரம் அதனால் நோட்டில் இல்லை.

"வந்தாச்சுங்களா?" என்று எழுந்தாள்.
"ஆறு மாசமா இப்படித் தூங்கலைங்க."

ஆஸ்பத்திரி வாசலில்
செக்யூரிட்டி சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்.
என்ன கேஸ்?
சும்மா வந்து பார்த்தோம் என்றேன்.
சில்லறை இல்லாமல் நூறு ரூபாய் நீட்டியவர்களை
நான் பார்த்த அதே பார்வையை
அவர் எனக்குத் திருப்பித் தந்தார்.
செல்வி இறங்கி நாற்காலியில்
ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள்.
"சீட்டு பரவால்லீங்க."

எதிர்க்கடையில் டீ பதினெட்டு ரூபாய்.
வேலந்தாவளத்தில் பத்து.
அதையும் எழுதுங்க என்றாள். பேனா இல்லை.

திரும்பும்போது முன்சீட்டில் அவள்.
சாவடி தாண்டி வெளுக்கத் தொடங்கியதும் கேட்டாள்:
"உங்களுக்கு வந்தா யாருங்க நேரம் பாக்கறது?"
பெபின் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
எனக்கு ஸ்டென்ட் இல்லை, சர்க்கரை இல்லை,
கணக்கில் நான் எங்கும் இல்லை.

ஓனரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறோம்.
வருகிற வியாழன் பின்சீட்டில் நான்.
நோட்டு அவளிடம்.
பேனா இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள்.