காத்திருப்புக் கட்டணம்

கோசலை மிஸ் படம் வரையப் போகிற நாளில்
மீற்றர் போட விடமாட்டார்.
"அது ஓடினால் என் கை ஓடாது, நௌசாத்."

வெல்லம்பிட்டிப் பாலம் தாண்டி,
குப்பை லொறிகளின் முதுகுக்குப் பின்னால்
சட்டென்று ஒரு பச்சை.
வயலில்லை, கங்குன் பாத்தி.
நெஞ்சளவு தண்ணீரில் நின்று
பியதிலக அறுக்கிறார்.
அவர் தலைக்கு மேல் கொக்கு,
கொக்குக்கு மேல் தாமரைக் கோபுரம்,
அதற்கும் மேலே மழை,
இன்னும் முடிவெடுக்காமல்.

ஸ்டாண்டைச் சேற்றில் ஊன்றிவிட்டு
ஒரு மணித்தியாலம் மிஸ் ஒன்றும் செய்வதில்லை.
பார்ப்பதுதான் வேலையாம்.
வேறென்ன செய்ய, நானும் பார்த்தேன்.
முதல் மாதம் பச்சை தெரிந்தது.
மூன்றாம் மாதம் பதினொரு பச்சை.
இப்போது பொரளைச் சந்தியில்
பஸ்சின் சிவப்புக்குள் கொஞ்சம் ஊதாவைக் கண்டுபிடித்து
பின்னால் நிற்பவனிடம் ஹோர்ன் வாங்குகிறேன்.

ஞாயிறு, கிரீன் பாத் நடைபாதை.
மரத்தில் சாய்த்து வைத்திருந்தோம்.
நாயோடு வந்த ஒரு கறுவாத்தோட்டத்து ஐயா
வெகுநேரம் நின்றார்.
"அந்தக் கோபுரம் இல்லாவிட்டால் அசல் கிராமம்.
கரையில் அந்தச் சிவப்பு என்ன?"
"ஆட்டோ" என்றார் மிஸ்.
"அதையும் எடுத்துவிடலாமே."

இருபத்தையாயிரம்.
இரண்டு மாத வாடகை பாக்கி எனக்குத் தெரியும்;
வீட்டுக்காரர் மிஸ்ஸைத் தேடி
எனக்கும் கோல் எடுத்திருக்கிறார்.

மூன்று இழுவையில் கோபுரம் தென்னையானது.
பிறகு தூரிகை என்னிடம் வந்து
கொஞ்சம் நின்றது.
சிவப்பு கறுத்தது, கொம்பு முளைத்தது.
எருமையாகி
ஒரு பெரிய வீட்டுச் சுவருக்குப் போனேன்.
பியதிலகவை எடுக்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
அவர் ஏற்கெனவே
தோளுக்கு மேலேதான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பாத்தி.
எவ்வளவுக்குப் போனது என்று
தண்ணீருக்குள் நின்றே சிங்களத்தில் கேட்டார்.
சொன்னேன்.
விரல் மடக்கினார்.
கட்டு ஐம்பது ரூபாய்.
"ஐந்நூறு கட்டு!
நான் நின்ற நிற்புக்கா?"

சிரித்தார், பாருங்கள்,
கொக்கு எழும்பிப் போகும்படி.
சிரிப்பு அவர் நெஞ்சிலிருந்து
வட்டம் வட்டமாய்க் கிளம்பி
என் முன் சில்லைத் தொட வந்தது.

மிஸ் அவசரமாய்ச் சாயம் பிதுக்கினார்,
பார்க்கிற மணித்தியாலத்தைக்கூடத்
தள்ளி வைத்துவிட்டு.

நான் ஆட்டோவை
இன்னும் ஓரடி முன்னால் எடுத்து நிறுத்தினேன்.