குந்தாணி மலை, இரண்டாம் சனி

கிருஷ்ணகிரியில் முதல் பஸ் ஐந்து பத்துக்கு.
ராயக்கோட்டை மண்டிக்குப் போகும்
காலித் தக்காளிக் கூடைகளோடு
நாமும் ஏறிக்கொள்ளலாம் என்றேன்.
டிபன் பாக்ஸை மூடியபடி முபீனா கேட்டாள்:
"மேலே மறைவு இருக்கா?"

நில அளவைப் பிரிவில் எனக்குப் பதினோரு வருடம்.
கிணறு, பாறை, இடுகாடு, கோயில்,
எல்லாவற்றுக்கும் குறி வைத்திருக்கிறோம்.
ஒரு பெண் ஒதுங்குகிற புதருக்கு இல்லை.
"இருக்கும்" என்றேன்.
"இருக்கும்னா?" என்றாள்.

திட்டம் சின்னதுதான்.
புளியமரத்தில் தொடங்கி மேற்கு முகமாக ஏற்றம்,
சுனையில் கொஞ்ச நேரம் கால் நனைப்பு,
பின்பக்கமாக இறங்கி
பதினொன்றரைக்குள் தார்ரோடு.
படத்தில் ஸ்கேல் வைத்தால் இருபத்தெட்டு சென்டிமீட்டர்.
தரையில் ஆயிரத்து நானூறு மீட்டர்.
"ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்ட் போற தூரம்" என்று சொன்னதும்
சங்கிலி பிடிக்கிற திம்மராயன் சிரித்துவிட்டார்.
"உங்க காகிதத்துல எல்லா மலையும்
படுத்துக்கிட்டு இல்ல இருக்கு, மேடம்."

வாஸ்தவம்.
நாங்கள் சரிவை வரைவதில்லை.
உச்சிவெயிலில் அது தரையில் போடும் நிழலை வரைகிறோம்.
நிழலுக்கு மூச்சு வாங்காது.

தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டர்.
திம்மராயனுக்குக் களி உருண்டை, எங்களுக்குக் குஸ்கா.
குரங்கு பார்த்துவிடும், கவர் வேண்டாம், துணிப்பையே போதும்.
பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு கட்டியிருக்கும்,
வாசனை கூடாது என்றார் அவர்.
"அத்தர் இல்லாம நானா?" என்றாள் முபீனா,
ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.
ஷூ அவள் மகனுடையது, பள்ளிக்கூட வெள்ளை ஷூ.
நுனியில் பஞ்சு அடைத்து
மதிய இடைவேளையில் பீரோக்களுக்கு நடுவே
நாலு முறை நடந்து காட்டினாள்.

இவர்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

பின்பக்கம் இறங்குகிறதே அந்தப் புள்ளிக்கோடு,
அது என் கையிலிருந்து வந்தது.
ஒரு மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலு மணி.
களப்புத்தகத்தில் ஈரம் பட்டு ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.
சுனையருகே ஒரு தடம் வந்து நின்றது.
கீழே ரோட்டோரம் ஒரு தடம் தொடங்கியது.
நடுவில் யாராவது இறங்காமலா இருப்பார்கள் என்று
முப்பத்திரண்டு புள்ளி வைத்துச் சேர்த்தேன்.
ஐந்து மணிக்கு முத்திரை விழுந்தது.

அதன்பின் எத்தனையோ நகல் போய்விட்டது,
கிரானைட் குத்தகைக்காரருக்கு, வங்கிக்கு,
பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிக்கு.
போன மாதம் ஒரு மனு வந்தது.
ஆடு மேய்க்கும் சாக்கம்மா, யாரோ எழுதித்தர,
பச்சை மையில் கைநாட்டு வைத்திருந்தாள்:
'வரைபடத்தில் காணும் பாதையை
எங்களுக்குத் திறந்துவிட வேண்டுமாய்.'
என் மேசை வழியாகத்தான் போனது.
வரிசை எண் போட்டு அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் கேட்டேன்,
இரண்டாம் சனி சும்மா இருக்கீங்களா,
ஒரு மலை ஏறலாமா என்று.

பாதை இல்லையென்றால்
ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும்.
கூடுதலாக ஒரு மணி நேரம்.
அதையும் திட்டத்தில் சேர்த்து
'ஓய்வு' என்று எழுதியிருக்கிறேன்.
"ஒரு மணி நேரமா ஓய்வு?" என்று திம்மராயன்
தாளிலிருந்து என் முகத்துக்குப் பார்வையைக் கொண்டுவந்தார்.
அப்புறம் பீடி குடிக்க வெளியே போய்விட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு முபீனாவின் மெசேஜ்:
வலது ஷூ சரி, இடதுதான் கடிக்குது, பரவாயில்ல.
அலாரம் நாலரைக்கு.
பையில் டார்ச், உப்பு, பிளாஸ்திரி,
நாலாக மடித்த படம், பென்சில்.
ரப்பரை வைத்தேன்.
எடுத்தேன்.
மேசையில் கிடக்கிறது,
லைட்டை அணைத்த பிறகும்
அது எந்த மூலையில் கிடக்கிறது என்று
துல்லியமாகத் தெரிகிறது.