முதுகில் ஜிப்

கறுப்பு வெள்ளையில் ஒரு நண்டு,
மெரினா லைட்ஹவுஸை விட உயரம்.
மூன்று நாளாக அதற்குத்
தமிழில் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன்
வியாசர்பாடியில், இரண்டாவது மாடியில்,
நிமிடத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.

விஞ்ஞானி வாயிலிருந்து பைப்பை எடுத்துவிட்டு
'இது நாம் செய்த வினை' என்கிறார்.
ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து. அவருக்கு அது போதும்.
மகளுக்குத்தான் போதவில்லை.
அலறுகிறாள்,
பதினோரு நொடி.
'ஆ' என்று போட்டால் பல்வலி.
'ஐயோ' என்றால் எதிர்வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள்.
'அம்மா' என்று அடித்து, அழித்தேன்.
இந்தப் படத்தில் யாருக்கும் அம்மா கிடையாது.
காலியாக விட்டு அடுத்த காட்சிக்குப் போனேன்.

ஸ்டான்லியில் நைட் ஷிப்ட் முடித்து
ரெஜினா வருகிறாள். எக்ஸ்ரே பிரிவு.
கழற்ற மறந்த பேட்ஜ் சட்டைப்பையில்
அவள் மேல் பட்டதையெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது.
டீ டம்ளரோடு பின்னால் நின்று பார்க்கிறாள்.
தீவில் குண்டு வெடிக்கிறது, நண்டு வளர்கிறது.
'கதிர் பட்டால் எதுவும் வளராது, லூசு.
தேயும்.'
சொல்லிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள்.

நண்டு திரும்புகிறது.
முதுகில் ஜிப்.
உள்ளே ஒரு ஆள்,
ரப்பருக்குள், அத்தனை விளக்குக்கும் கீழே,
கத்திரி வெயிலில் பாரிமுனை பஸ்ஸில் நிற்பவனைப் போல
ஊறிக்கொண்டிருப்பான்.
சாப்பிட்டானோ இல்லையோ,
ஊரை மிதிக்க வேண்டும். மிதிக்கிறான்.
அட்டைக் கட்டடம் ஒன்று
அவன் கால் படுவதற்கு முன்பே விழுகிறது.
ரெஜினா சிரித்து டீ சிந்துகிறாள்.
இரண்டாம் முறை ஓட்டச் சொல்கிறாள்.

'தூக்கத்தை விட்டுப் பார்க்கிற அளவுக்கு
இதில் என்ன இருக்கு?'
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'சைரன்' என்றாள்.
'வரப்போகுதுன்னு முன்னாடியே ஊதுறாங்க பார்.
மேயர் மைக் பிடிக்கிறார்.
எந்தத் தெருவழியா ஓடணும்னு ஒருத்தன் கை காட்டுறான்.'

அந்த டிசம்பரில் எங்கள் மாடிப்படியில்
தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது.
ஏழாவது படியில் நின்றது, யோசிப்பது போல.
அதற்கு முகம் இல்லை, கொடுக்கு இல்லை,
எங்கே சுடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.
கீழ்வீட்டு சகாயம் தன் பிரிட்ஜ் மிதப்பதை
டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.
வடிந்த பிறகு சந்தைக்கு வந்த நண்டுகள்
உள்ளங்கை அகலம்கூட இல்லை.
கழுவினோம். மறுபடி கழுவினோம்.
கறுப்பு போகவில்லை.
குழம்பு வைக்கலாமா வேண்டாமா என்று
ஒரு மணி நேரம் சண்டை.

திரையில் நண்டு எரிகிறது, கடல் மூடிக்கொள்கிறது,
காதலர்கள் மணலில் கைகோத்து நடக்கிறார்கள்.
'முற்றும்.'
கொஞ்சம் தாமதித்து, அதன் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி முளைக்கிறது.

ரெஜினா வாய் திறந்து தூங்கிவிட்டாள்.
கேள்விக்குறிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை,
விட்டுவிடலாம்.
ஆனால் நிமிடக் கணக்கில் கூலி.
நான்கு நொடி நிறுத்திவைத்தேன்.

அந்தப் பதினோரு நொடி
இன்னும் காலியாகவே இருக்கிறது.