பஸ் வராத பாதை

நிஸ்தார் நானாவின் கடையில் வாடகைச் சைக்கிள் பதினொன்று.
எடுக்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:
சத்தமில்லாத ரோடு.
"பஸ் ஓடுற பாதையெல்லாம் விட்டுரு பிள்ளை.
ஹோர்ன் கேட்காத வழியா
ரெண்டு நாளைக்குப் போதுமான மாதிரி
கீறிக் கொண்டா."
கொப்பி அவருடையது. பென்சில் என்னுடையது.

பண்டாரவளையில் மிதித்தபோது ஐந்தரை.
பாண்கார திரீவீல் மட்டும்
தனக்குத் தெரிந்த ஒரே மெட்டோடு
எதிரே வந்து கடந்தது.

ஹப்புத்தளை தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கியதும்
தார் மெலிந்தது, கிழிந்தது, கல்லானது.
பிறகு ஏற்றம்.
கியரைக் குறைத்துக் குறைத்து
இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில்
இறங்கி எழுதினேன்:
இங்கே தள்ளிக்கொண்டு போகலாம், வெட்கமில்லை.

அதோ, கை நீட்டினால் தொடலாம், இஸ்டோரின் தகரக் கூரை.
போய்ச்சேர மூன்று கட்டை.
ஒரு முடக்கில் இடப்பக்கம் நிற்கும்,
அடுத்த முடக்கில் வலப்பக்கம்,
நான் பார்க்காத நேரம் யாரோ
தூக்கித் தூக்கி மாற்றி வைப்பதுபோல.
வாடும் கொழுந்தின் வாசனை மட்டும்
குறுக்கு வழியால் முதலிலேயே வந்துவிட்டது.

கொப்பியில்:
பீலித் தண்ணீர் குடிக்கலாம்.
மழையென்றால் அட்டை, உப்பு கொண்டுவரவும்.
ஒரு மணித்தியாலத்தில் எதிர்ப்பட்டவை
ட்ரக்டர் ஒன்று, நாய் இரண்டு,
அவசரமே இல்லாத ஒரு கோழி.
'மிக நல்ல பாதை' என்று எழுதி
அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

கோழி போய் நின்றது பஸ் தரிப்பிடத்தில்.
உள்ளே கொழுந்துச் சாக்கோடு சந்தனமேரி அக்கா,
நிறுவைக்குக் காத்திருந்தார்.
"என்னா எழுதுற? ஏக்கர் கணக்கா?"
"சத்தமில்லாத ரோடு தேடுறேன் அக்கா. இது நல்லா இருக்கு."

"சத்தம் இருந்திச்சு.
காலையில ஆறரைக்கு ஒண்ணு, பொழுதுசாய ஒண்ணு.
மண்ணு சரிஞ்சு மதகு போச்சு, பஸ்ஸும் நின்னுச்சு.
மதகைக் கட்டிட்டாங்க. பஸ் வரல்ல.
என் மருமகளை லொறியிலதான் ஏத்திவிட்டோம்.
ஆஸ்பத்திரி தெரியுற முடக்குல பொறந்திருச்சு.
ட்ரைவர் பேரு சமிந்த.
பயலுக்குச் சமிந்தன்னு வச்சிட்டோம், என்னா செய்ய."
சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"இந்த வெள்ளைக்காரவுங்க வந்தா ரோடு போடுவாங்களா?"
"தெரியல்ல அக்கா."
"போட்டா பஸ் வரும்தானே?"
பஸ் வந்தால் அவர்கள் வரமாட்டார்கள்.
சொல்லவில்லை. குனிந்து செயினைத் துடைத்தேன்,
அழுக்கே இல்லாத செயினை.

பள்ளிக்கூடம் விட்ட நேரம்
இறக்கத்தில் ஒரு சிறுமி, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி.
தேயும் என்று கழற்றியிருக்கிறாள்.
பேர் துர்க்காஷினி. கெரியரைக் காட்டினேன்.
ஏறி உட்கார்ந்தவள் என் தோளுக்கு மேலால் எட்டி
மணியைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவேயில்லை.
முடக்குக்கு முடக்கு மணி,
மணி போதாமல் வாயாலும்:
பாம்... பாம்...
"பஸ்ஸு வருது! வழி விடு! பஸ்ஸு வருது!"

லயத்து வாசல்களில் தலைகள்.
கருப்பந்தைல மரத்தடியில் மேய்ந்த மாடு
முறையாக ஒதுங்கி நின்றது.
கீழ் லயத்திலிருந்து ஒருவர்
பையைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையைத் தூக்கியபடி
பாதைவரை ஓடியே வந்துவிட்டார்.
எங்களைப் பார்த்தார்.
தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.
துர்க்காஷினி மட்டும் மரியாதையாகச் சொன்னாள்:
"இடமில்ல மாமா, அடுத்ததுல வாங்க."

கடையில் நிஸ்தார் நானா கொப்பியைப் புரட்டினார்.
கீறிய கோட்டின் மேல் என் எழுத்தில் 6.30.
"இதுல பஸ் ஓடுதா?"
"ஓடணும்" என்றேன்.
என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார்.
பிறகு குனிந்து பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு,
"பிரேக் கட்டை ரெண்டும் முடிஞ்சுபோச்சே,
எவ்வளவு பாரம் ஏத்தின?" என்று கேட்டார்.