எட்டில் ஒன்று

நாற்பது ஹெர்ட்ஸ் அலை ஒன்று
முழுசாகக் கால் நீட்டிப் படுக்க
இருபத்தெட்டு அடி வேணும்.
எங்கள் முன்னறை பதினாலு.
பாதி உடம்பு உள்ளே, பாதி பொடக்காளியில்
என்றேன்.
பரவாயில்லை என்றார்.

கணக்கு என்னுது, ரம்பம் அவருது.
பாவுக்கு இழை எண்ணிப் பழகிய விரலால்
ஒன்றரை அடிக்கு ஒருதரம் இரட்டிக்கும்
வாயைக் கோடு போட்டேன்:
அரை, ஒன்று, இரண்டு, நாலு,
எட்டு சதுர அடி.
கந்துவட்டியும் இப்படித்தான் வளரும்,
இத்தனை வழவழப்பாய் அல்ல.

வெட்டவெளியில் என்றால்
அறுபத்திரண்டு சதுர அடிக்கு வாய் திறக்கணும்.
மூலையில் வைத்தால் எட்டில் ஒன்று போதும்,
மிச்சம் ஏழு பங்கை
ரெண்டு சுவரும் தரையும் போட்டுக்கொள்ளும்.
எந்த ஒறம்பரையும் எனக்கு
இப்படி மொய் வைத்ததில்லை.

ஈசானியில் சாமிப் படம்.
வாயு மூலையில் வாசல்.
அக்கினியில் அடுப்படிக்குப் போகிற வழி.
கன்னி மூலையில் என் சீர் பீரோ.
அங்கே கனம் இருக்கணும் என்கிறது வாஸ்து.
இருக்கும், மூணு ஆள் கனம் என்றார்
தெய்வசிகாமணி.
பீரோ நடு அறைக்கு வந்தது.
ரெண்டாவது பெட்டிக்கு அறுத்த பலகைகள்
இன்னும் கட்டிலுக்கடியில்.

தறிக்குடோனில்
ராத்திரி ஷிப்ட் முடிந்த பிறகு ஒட்டினோம்.
பசை காயுமுன் பஞ்சு பறந்து படிந்து
பிளைவுட்டுக்கு ரோமம் முளைத்தது.
அவிநாசி மைக்செட்காரர் விற்ற
பதினைந்து அங்குலக் கூம்பு
உள்ளே போய் உட்கார்ந்தது.
பெட்டி மூணே கால் அடி. வாசல் மூணு.
எல்லாம் அளந்தவள் நான்,
வாசலைத் தவிர.
நிலைக்கட்டையைப் பேர்த்த அன்று
அவர் என்னோடு பேசவில்லை.

கடைசியில் நின்றது,
எங்களுக்கு முதுகு காட்டி
சுவரைப் பார்த்து வாய் திறந்து.

ஒன்றும் தெரியவில்லை.
அடுத்த சுவரில் எட்டுத் தறி.
எங்கள் தரை
பிறந்ததிலிருந்தே நடுங்குகிற தரை.

பிறகு கூலிப் போராட்டம் வந்தது.
சோமனூர் சுற்றி
ஒரு தறி ஓடவில்லை.
மூன்றாம் வாரம், நகை அடகுக்குப் போன பிறகு,
ஒரு ராத்திரி
மாரியம்மன் நோம்பியில் அவரே பதிந்த உருமியைப் போட்டார்.
வளைந்த குச்சி தோலைத் தேய்க்க
டம்ளர் பாலில் வட்டம் வட்டமாய்ச் சுருக்கம்.
பீரோவின் பூட்டுச்சாவி
தானாக ஆடிற்று.

நாலு பைக் வந்து நின்றது.
"தறி ஓட்டறீங்களாமா?"
சங்கத்துச் சென்னியப்பன்.
அவர் எதுவும் சொல்லாமல் குடோனைத் திறந்தார்.
சென்னியப்பன் ஒவ்வொரு மோட்டாராய்த் தொட்டுப் பார்த்தார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
எட்டும் ஜில்லென்று.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்,
பீரோவை ஒட்டி, அறை நடுவில்.
"ஒண்ணுமே கேக்கலீங்களே."
கேட்காது.
பதினாலு அடிக்குள் மடங்கிய அலை
ரெண்டு சுவரிலும் முட்டி முட்டி
நடுவில் செத்துப்போகும்.
கணக்கு அப்போதே சொன்னது,
நான்தான் இவரிடம் சொல்லவில்லை.
எந்திரிச்சுச் சுவரோரம் வாங்க என்றேன்.

நாலு பேரும் முதுகைச் சாய்த்து நின்றார்கள்.
ரேஷன் கடையில் நிற்கிற வரிசை போல.
சென்னியப்பன் கண்ணை மூடினார்.
கொஞ்சம் கழித்து,
"இன்னொருக்கா போடுங்க."

இருபத்தாறாம் நாள்
ஜவுளிக்காரரின் கணக்கர் வந்தார்,
மீட்டருக்கு எத்தனை பைசா என்று பேச.
வாங்க, உக்காருங்க என்று
நடு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
உள்ளே உருமி ஓடிக்கொண்டிருந்தது.
"பெட்டி பெருசா இருக்கு,
சத்தமே இல்லீங்களே" என்றார்.

ஆமாங்க என்றேன்,
சுவரில் சாய்ந்தபடி.