எட்டு நிமிடம்

ஜூ சியாட்டில் மிஸஸ் டி கொஸ்தா
சாவியைக் கொடுக்கும்போது சொன்னது ஒன்றுதான்:
"மேட்டில் ஏறும்போது இதைத் திட்டாதே."
இந்தத் தீவில் மேடு எங்கே என்று சிரித்தேன்.
மவுண்ட் ஃபேபர் வளைவில், இரண்டாம் கியரில்,
பின்னால் ஒன்பது டாக்சிகள் ஹாரன் அடித்தபோது
இருக்குமிடம் தெரிந்தது.

ஜோவெட் ஜாவெலின், ஐம்பத்திரண்டாம் வருடம்.
நான்கு சிலிண்டரும் படுத்தபடியே வேலை பார்க்கும்.
(எங்கள் அலுவலகத்திலும் அப்படி இரண்டு பேர்.)
ஐந்தறை வீட்டுக்கென்று சேர்த்த வெள்ளியில் வாங்கினேன்.
அண்ணன் இன்பராஜ் தீபாவளி வரை பேசவில்லை.

வேலை, வட்ட ரயில் பாதைக் கட்டுப்பாட்டு அறையில்.
ஓட்டுநர் இல்லாத ரயில்கள்
திரையில் பச்சைப் புள்ளிகளாய் ஊரும்.
என்னிடம் அவை எதையும் கேட்பதில்லை.
இதுவோ
சோக்கை இழு என்கும், பொறு என்கும்,
இப்போது விடு,
ஐயோ, இவ்வளவு சீக்கிரமா என்று
இருமி அணையும்.

ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலை.
பெட்ரோல் போட்டு வந்தாலும் ஒரு நாள்.
மழைக்குப் பயந்து முனையிலேயே திரும்பினாலும்
ஒரு நாள்.
நிறுத்துமிடக் கட்டணம் மட்டும் முழு வருடத்துக்கும்.
கீழே விரித்த அட்டையில் எண்ணெய்ச் சொட்டு
மாதத்துக்கொரு தேசப்படம் வரையும்.
நகர மன்றத்திலிருந்து இரண்டு கடிதம்.

கிராங்க் ஷாஃப்ட் உடைவது இதன் ஜாதகம்.
பதினெட்டாம் நாள், மண்டாய் சாலையில், பலித்தது.
காக்கி புக்கிட் யாப்
காதை வைத்துக் கேட்டார், கேட்க ஒன்றுமில்லை.
"முதுகு போச்சு லா."

நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணைக் கொட்டகையில்
இன்னொரு முதுகு இருந்தது.
ஏழு மாதம். மரப்பெட்டி. திறந்ததும் கம்பளி வாசம்.
"கலைப்பொருளா?" என்றார் சுங்க அதிகாரி.
எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பத்தரை.
"ஓடும்," என்றார் யாப்,
கிரீஸ் துடைத்த கையோடு ஒரு நட்டைக் கொடுத்து,
"இது மிச்சம். எங்கேயென்று தெரியவில்லை."

கேட்கக் கூடாததைக் கேட்காமல் கிளம்பினேன்.
ஈஸ்ட் கோஸ்ட்டில் கூட்டம் வானத்தைப் பார்த்திருந்தது.
ஒரு பையன் மட்டும் எங்களைப் பார்த்தான்.
தெலுக் பிளாங்கா, ஆறாம் தளம்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஓடாமலே காலாவதியாகும் நாட்கள் இருபத்தாறு.
இந்த நாளில் இன்னும் எட்டு நிமிடம் பாக்கி.
விட மனமில்லை.
தூணுக்கும் தூணுக்கும் நடுவே, ஹேண்ட்பிரேக் போட்டு,
எங்கும் போகாமல் ஓடவிட்டேன்.
எதிர் புளோக்கில் ஒரு ஜன்னல் திறந்து
கொஞ்சம் யோசித்து
மூடியது.

ஐம்பத்தொன்பதில் சாவியைத் திருப்பினேன்.
துறைமுகத்தில் கப்பல்கள் சேர்ந்து ஊதின.
பானெட்டுக்குள் டிக், டிக் என்று சூடு இறங்கியது.
என் சட்டைப் பையில் அந்த நட்டு
இன்னும் வெதுவெதுப்பாக.