சக்கரத்துக்குக் கல்

பிரேக் இருக்கிறதா என்று கேட்டேன்.
குஞ்ஞுமோன் சேட்டன் சிரித்துவிட்டார்.
ஒன்றரை வயதுப் பிள்ளை உட்கார்ந்து
காலால் உந்திப் போகிற வண்டி.
இருபது வருஷ வியாபாரத்தில்
இப்படி யாரும் கேட்டதில்லையாம்.
அவர்கள் யாரும் தினம் இரண்டு நடை
ஐம்பது பேரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
இரண்டாம் கியரில்
மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களாய் இருந்திருக்க மாட்டார்கள்.

குன்னூர் மார்க்கெட்டில் படி இறங்கினால்
ஸ்வெட்டர் கடைக்கு அடுத்த கடை.
காலை பதினொன்றுக்கே பனி வந்து
வாசலில் நின்றுகொண்டிருந்தது,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற ஆள் மாதிரி.

சுகந்தி யானையைக் காட்டினாள்.
நீல யானை. வளைந்த கட்டைமேல் நின்று
முன்னும் பின்னும் ஆடும்.
இருந்த இடத்திலேயே இருக்கும்.
போகாத வண்டி எதற்கு என்றேன்.
போகாததுதான் வேணும்,
வீட்டில் போகிறதுக்கு ஒருத்தர் போதும் என்றாள்.
நான் பேசவில்லை.
சேட்டன் யானையின் தூசியைத் துடைத்தார்.

பேட்டரி ஜீப் ஒன்று இருந்தது.
அதற்கு நிவியின் வயசும் பத்தாது
என் சம்பளமும் பத்தாது.

பிறகு அந்தச் சிவப்புக் கார்.
சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்துவிட்டு
சேட்டன் கையை எடுத்தார்.
யாரும் ஏறவில்லை, யாரும் தொடவில்லை,
அது மெல்ல வாசலைப் பார்த்து நகர்ந்தது.
எங்கள் ஊரில் எதைக் கீழே வைத்தாலும்
அதற்கு ஓர் எண்ணம் வந்துவிடும்.
தக்காளிக்கு வரும். செருப்புக்கு வரும்.
நிவியின் பந்துகள் இதுவரை நாலு
வேலியைத் தாண்டி
ரயில் பாதைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

குறுக்கே காலை வைத்து நிறுத்தினேன்.
அதற்குள் அவள் ஏறிவிட்டாள்,
கம்பளிக் குல்லா கண்ணை மறைக்க,
ஒரு காலில் மட்டும் ஷூ.
இரண்டு காலையும் ஊன்றித் தள்ளினாள்.
வண்டி பின்னால் போனது.
இன்னும் பலமாய்த் தள்ளினாள்.
இன்னும் பின்னால்.
பிளாஸ்டிக் குடங்களில் போய் முட்டி
யாரோ தன்னை இழுத்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

சுகந்திக்குச் சிரிப்பு.
எனக்கு வரவில்லை.
எதிரே கட்டை ஏற்றிய லாரி வந்து நின்றுவிட்டால்
வளைவில் பின்னால் எடுப்பது எப்படி என்று
எனக்குத் தெரியும்.
கண்ணாடியில் சாலை தெரியாது, காற்றுதான் தெரியும்.
அந்த வேலையை மகள்
முதல் நாளே செய்கிறாள்.

ஆயிரத்து அறுநூற்றைம்பது.
ஐம்பதைக் குறைத்தார்.

வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
காரைத் தலைகீழாய்த் தலையில் கவிழ்த்து இறங்கினேன்.
ஒவ்வொரு படிக்கும் என் மண்டை பட்டு
ஹாரன் தானாய் அடித்தது.
மூன்று வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.
ஒருவர் வழிகூட விட்டார்.

எங்களிடம் இருக்கிற சமதரை
அடுப்படியிலிருந்து கட்டில் வரை, பதினோரு அடி.
அதுவும் சமம் இல்லை என்று
ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினால் தெரியும்.
அதனால் ராத்திரி, பழக்க தோஷம்,
கொல்லையிலிருந்து ஒரு கல் எடுத்துவந்து
பின் சக்கரத்துக்கு அடை கொடுத்தேன்.
பர்லியாறில் டீக்கு நிறுத்தும்போது
கண்டக்டர் அருமைராஜ் வைப்பாரே, அதுபோல.
சுகந்தி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கல்லைக் கழுவி வைத்திருக்கலாம் என்று மட்டும்
விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்.

காலையில் நான் காக்கி மாட்டும்போது
நிவி எழுந்து வந்தாள்.
கார் பக்கம் போனாள், ஏறவில்லை.
குனிந்து கல்லை உருவினாள்.
இரண்டு கையாலும் தூக்கி
மூச்சு முட்ட அதை சீட்டில் உட்கார்த்தினாள்.
பின்னால் போய் நின்று தள்ள ஆரம்பித்தாள்.

கல் முன்னால் போகிறது.
கட்டில் வரை போய், திரும்பி,
அடுப்படி வரை வருகிறது.
முதல் நடைக்கு நேரமாகிவிட்டது.
ஹாரன் அடிக்கிறாள்.
சுவரோடு ஒட்டி நின்று
வழி விடுகிறேன்.